பொறுத்தலும் ஈடு செய்தலும்

கடலோரப் பங்குகளின் அன்பியக் கூட்டங்களிலும் தவக்காலத் தியானங்களிலும் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. "சாமி, பாவசங்கீர்த்தனத்தில் ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. அவரே மன்னித்துவிட்டார். பிறகு எதற்காக அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்?" இவ்வாறு கேட்பவர் குதர்க்கம் பேசுபவர் அல்லர். இறைவனே மன்னித்த பின் மனிதன் மன்னிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பது நேர்மையான ஐயம். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்த ஐயம் வெறும் ஏட்டு ஐயமாக நின்றுவிடுவதில்லை. அங்கே 'அந்த ஆள்' அடுத்த வீட்டில் இருக்கிறார். நாளை விடியற்காலையில் அதே தண்ணீரில் அவருடைய வலையும் இறங்குகிறது.

விடை தேட நாம் யூத மக்களின் விவிலியச் சிந்தனைக்குத்தான் செல்ல வேண்டும். பாவம், குற்றம், மன்னிப்பு என்பவற்றை நினைக்கவும் பேசவும் திருச்சபை கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்தே. நம் ஆண்டவரும், அன்னை மரியாவும், திருத்தூதர்களும் அந்த மரபுக்குள் நின்றே மன்றாடினார்கள்.

அதற்கு முன், நம்மிடையே வேரூன்றிப்போன ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவது நலம். 'பழைய ஏற்பாட்டின் கடவுள் தண்டிப்பவர். புதிய ஏற்பாட்டின் கடவுளே மன்னிப்பவர்' என்று மறையுரை மேடைகளிலிருந்தே சொல்லப்படுவதுண்டு. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே ஒரு கோட்பாடாக்கினார். திருச்சபை அதை மறுத்து அவரை விலக்கியது. பொற்கன்றை வணங்கிய மக்களின் துரோகத்துக்குப் பிறகு, சீனாய் மலையில் இறைவன் மோசேக்குத் தம்மை வெளிப்படுத்தியபோது, தமது சினத்தை அன்று, தமது இரக்கத்தையும் பொறுமையையுமே முதலில் எடுத்துரைத்தார் (விப 34). யூதர்கள் பாவக்கழுவாய்ப் பெருநாளில் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி மன்றாடுகிறார்கள். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நம் காலத்தில்' என்னும் அறிக்கை, யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ சித்திரிக்கலாகாது என்று நம்மைப் பணித்தது. அவர்களுடைய நூல்களைப் பணிவோடு படிப்பதும் அந்தப் பணிப்பில் அடங்கும் என்று கருதுகிறோம்.

நாம் 'பாவம்' என்று ஒரே சொல்லால் குறிப்பதற்கு எபிரேய மொழியில் முதன்மையாக மூன்று சொற்கள் உள்ளன. 'ஹாத்தா' என்பது இலக்குத் தவறுதல். நீதித் தலைவர்கள் நூலில், மயிரிழையைக் குறிவைத்துக் கவண்கல் எறிந்தாலும் தவறாத பென்யமின் குலத்து வீரர்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இதே வினைச்சொல் வருகிறது. 'ஆவோன்' என்பது கோணல். நேராக இருக்க வேண்டியது வளைந்துபோன நிலை. அந்த வளைவையும், அதனால் வரும் குற்றப் பொறுப்பையும், அதற்குரிய தண்டனையையும் அந்த ஒரே சொல் குறிக்கும். 'பேஷா' என்பது கலகம். கப்பம் கட்டிய சிற்றரசன் பேரரசனை எதிர்த்து எழுவதைச் சொல்லவும் இச்சொல் பயன்பட்டது. திருப்பாடல்கள் 32, 51 ஆகியவற்றின் தொடக்க வரிகளில் இம்மூன்று சொற்களும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. நம் மொழிக்கும் இது அந்நியமன்று. தவறு என்பது தவறிப்போவது. கோட்டம் என்பது வளைவு. தமிழனும் எபிரேயனும் பாவத்தை ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

மன்னிப்பைக் குறிக்கும் சொல்லிலோ ஒற்றுமை இன்னும் வியப்பூட்டுகிறது. எபிரேயத்தில் அதற்குப் பெரிதும் வழங்கும் சொல் 'நாசா'. (ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால் விண்வெளி நிறுவனம் நினைவுக்கு வந்தால் அது வாசகர் குற்றமன்று.) அதன் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். பாவம் செய்தவன் தன் ஆவோனைச் சுமக்கிறான். மன்னிக்கும் இறைவனும் அதே ஆவோனைச் சுமக்கிறார். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். பாவக்கழுவாய் நாளில் பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் ஆட்டுக்கடா மக்களின் கோணல்களையெல்லாம் சுமந்து செல்வதாக லேவியர் நூல் 16-ஆம் அதிகாரம் சொல்லும்போதும் இதே சொல்தான். தம்பியைக் கொன்ற காயின் இறைவன்முன் புலம்பும் வாக்கியத்தை, 'என் தண்டனை நான் சுமக்க முடியாத அளவு பெரிது' என்றும், 'என் குற்றம் மன்னிக்க முடியாத அளவு பெரிது' என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இச்சொல் இடம் தருகிறது. அறிஞர்கள் இன்றும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்குகிறார்கள்.

தமிழிலோ நாம் தயங்கவே வேண்டியதில்லை. 'பொறுத்தல்' என்றால் சுமத்தல். 'பொறுத்தல்' என்றால் மன்னித்தல். 'பொறை' என்பது பழந்தமிழில் பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தமிழாக்கிய முன்னோர் 'பொறுத்தருளும்' என்ற சொல்லைத் தேர்ந்தபோது, எபிரேய மூலத்தின் நெஞ்சைத் தொட்டிருக்கிறார்கள் என்று நாம் துணிந்து சொல்லலாம். நம் கரையோரத்துப் பெரியவர்கள் இன்றும் 'மன்னிக்கவும்' என்று சொல்வதில்லை. 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது, தன் செயலின் பாரம் எதிரே நிற்பவர் தோளில் ஏறியிருக்கிறது என்பதை அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொள்கிறார்கள்.

பிற்காலத்தில், பாரசீகர் ஆட்சியில் யூதர்கள் அரமேய மொழியைப் பேசத் தொடங்கிய பிறகு, பாவத்துக்கு இன்னோர் உருவகம் வந்து சேர்ந்தது: கடன். அரமேயத்தில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், ஆண்டவர் கற்பித்த செபத்தில் வருவது 'கடன்கள்' என்ற சொல்லே. கடன் என்றால் என்ன என்பதை மீனவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே கொடுத்தாக வேண்டியதையும், எத்தனை கூடை கொடுத்தாலும் கணக்கேட்டில் பாக்கி குறையாதிருப்பதையும் அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள். கடனை உருவகமாக எடுத்துக்கொண்டால் தப்பிக்க முடியாத ஒரு கேள்வியும் உடன் வருகிறது. யாருக்குக் கடன்? ஒருவரிடம் பட்ட கடனை வேறொருவர் எப்படித் தள்ளுபடி செய்வார்?

லேவியர் நூலின் 6-ஆம் அதிகாரம் தொடக்கத்திலேயே இதற்குத் தெளிவான விடை உண்டு. அடுத்தவன் ஒப்படைத்த பொருளை மறுத்தவன், பறித்துக்கொண்டவன், ஒடுக்கிப் பிடுங்கியவன், கண்டெடுத்ததைக் காணவில்லை என்று பொய்யாணை இட்டவன் ஆகியோரைப் பற்றிய சட்டம் அது. இத்தகையவன் அடுத்தவனுக்கு மட்டுமன்று, ஆண்டவருக்கே துரோகம் செய்ததாக அந்நூல் கூறுகிறது. ஆயினும் அவன் முதலில் போக வேண்டிய இடம் ஆலயம் அன்று. எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். உரியவனிடமே கொடுக்க வேண்டும். பிறகுதான் குற்றப்பழிக்கான ஆட்டுக்கடாவைக் குருவிடம் கொண்டுவருவது. அந்தப் பலிக்கு 'ஆஷாம்' என்று பெயர். குற்றப்பழி, அதற்கான ஈடு, அதற்கான பலி என்ற மூன்றையும் அந்த ஒரு சொல் உள்ளடக்குகிறது.

இந்த வரிசை முக்கியமானது. பலிபீடத்தின் முன் நிற்கையில் உன்மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னது, லேவியர் சட்டத்தின் இதயத்திலிருந்தே எழுந்த போதனை. எரிகோவின் சக்கேயு தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கும் தருவதாக எழுந்து நின்று சொன்ன பிறகே, அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதைப் பழவேற்காட்டு நீரில் இறக்கிப் பார்ப்போம். ஏரியின் முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டப் பகுதிகளில் இறால் நன்றாகப் படும். அவ்விடங்களில் கழி ஊன்றி வலை கட்டும் உரிமையை முறைவைத்துப் பகிரும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வழங்கிவரும் முறை இது. சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று தீர்மானிப்பார்கள். நல்ல இடமும் வற்றல் இடமும் சுற்றிவரும். வலுத்தவன் எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ள முடியாது. (நம் ஆண்டவரின் துன்பங்களையும் நாம் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். பட்டுச் சுமப்பதும் பங்காய் வந்து விழுவதும் ஒரே சொல்லில் குடியிருப்பதை மொழியறிஞர் விளக்கட்டும். மீனவருக்கு அது விளங்கியே இருக்கிறது.)

ஒருவர் அடுத்தவருடைய பாட்டு நாளில் இரவோடிரவாக அவர் இடத்தில் வலை கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்று நிலவும் நீரோட்டமும் வாய்த்து, இறால் கொட்டியிருக்கிறது. உரியவர் விடியலில் வந்து வெறுங்கையோடு திரும்புகிறார். எடுத்தவர் அடுத்த சனிக்கிழமை ஒப்புரவு அருட்சாதனத்தில் உள்ளம் வருந்தி அறிக்கையிடுகிறார். அவருக்குப் பாவமன்னிப்பு உண்டா? உண்டு. உரியவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா? அது வேறு கேள்வி. அந்தக் கேள்வி பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சன்னலோடு முடிவதில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது (எண் 1459): பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் அது விளைத்த சீர்குலைவுகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்புவதும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதும், காயத்துக்கு ஈடு செய்வதும் நீதியின் கடமைகளாகவே நிற்கின்றன. இந்தப் பகுதியை மறைக்கல்வி வகுப்புகளில் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

ஈடு செய்வது எப்படி என்பதிலும் யூதச் சட்டத்தின் நுணுக்கம் பயன்படும். போன செவ்வாய்க்கிழமையின் நீரோட்டத்தை எவராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் தனக்கு விழுந்த ஒரு நல்ல நாளை விட்டுக்கொடுக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்து விதிக்கும் தண்டம் பெரும்பாலும் ஊர்ப் பொதுப் பணத்தில் சேர்கிறது. திருவிழாவுக்கும் பந்தலுக்கும் அது உதவும். ஊரின் ஒழுங்கைக் காக்க அது வேண்டியதே. ஆயினும் வெறுங்கையோடு திரும்பியவர் கையில் அது வந்து சேராத வரையில், லேவியர் நூலின் கணக்குப்படி வேலை பாதிதான் நடந்திருக்கிறது.

எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்தது. பலிபீடமும் ஆட்டுக்கடாவும் இல்லாமற்போன பிறகு யூத ஆசிரியர்கள் இந்தச் சிந்தனையைக் கைவிடவில்லை, கூர்மைப்படுத்தினார்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பாவக்கழுவாய் நாளைப் பற்றிய 'யோமா' என்னும் பகுதியின் இறுதியில், ரபி எலயாசர் பென் அசரியாவின் விளக்கம் ஒன்று இருக்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட பாவங்களுக்கு அந்தப் பெருநாள் கழுவாயாகும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டவற்றுக்கோ, பாதிக்கப்பட்டவரை அமைதிப்படுத்தும்வரை அந்த நாளும் கழுவாயாகாது என்பது அதன் சாரம். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடஸ் இதை இன்னும் விரித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. நேரில் சென்று பொறுக்குமாறு வேண்ட வேண்டும். அவர் மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று முறை வரை இப்படிச் செய்ய வேண்டும். அதன்பிறகும் மறுத்தால், மறுப்பவரே குற்றவாளி ஆகிறார். பொறுக்க மறுக்கும் கடின உள்ளத்தையும் அம்மரபு சும்மா விடவில்லை.

இதில் இறையிரக்கத்துக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்படுகிறதோ என்று வாசகர்கள் அஞ்சலாம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. அடிபட்டவருடைய காயத்தை அவரைக் கேளாமலே தள்ளுபடி செய்கிற கடவுள், அடித்தவனுக்கு இரக்கமுள்ளவராய்த் தோன்றலாம். அடிபட்டவருக்கு அவர் யாராகத் தோன்றுவார்? இஸ்ரயேலின் கடவுள் ஆபேலின் இரத்தத்தின் குரலைக் கேட்டவர். அந்தக் குரல் அடங்குமுன் காயினோடு மட்டும் தனியே கணக்கை முடித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

அண்மைக்கால வரலாற்றில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நம் திருச்சபையிலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் உரோமையில் மன்னிப்பு நாளைக் கொண்டாடி, யூத மக்களுக்கு இழைத்தவை உட்பட, திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்றாடினார். பலிபீடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அதே மாதம் 23 அன்று எருசலேமில் யாத் வஷேம் நினைவகத்துக்குச் சென்று, நாத்சிகளின் கொடுமையிலிருந்து உயிர்தப்பியவர்களைச் சந்தித்தார். 26 அன்று மேற்குச் சுவரின் முன் நடுங்கும் கையோடு அந்த மன்றாட்டை ஒரு தாளில் வைத்து, கற்களின் இடுக்கில் செருகினார். முதுமையிலும் நோயிலும் தளர்ந்த அவர் அங்குவரை போனதே அவர்களுக்குச் செய்தியாயிற்று.

நேரில் போய் நிற்க ஆளே இல்லாதபோது என்ன செய்வது? தாவீது பத்சேபாவை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட கதையை நாம் அறிவோம். இறைவாக்கினர் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டி உவமையைக் கேட்டுக் கொதித்த அரசர், திருடியவன் நான்கு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்று தமக்கே தீர்ப்பெழுதினார். பாவத்தை ஆண்டவர் அகற்றிவிட்டார் என்று நாத்தான் அறிவித்தது உண்மை. ஆனால் வாள் அந்த வீட்டை விட்டு நீங்கவில்லை. தாவீதின் மக்கள் நால்வருக்கு நேர்ந்த கேட்டைப் பின்வந்த யூத ஆசிரியர்கள் அந்த நான்கு மடங்கோடு இணைத்து எண்ணினார்கள். உரியா இறந்துவிட்டார், அவரிடம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லத் தாவீதுக்கு வழியில்லை. இப்படிப்பட்ட நிலைக்கு மைமோனிடஸ் ஒரு முறை சொல்கிறார்: பத்துப் பேரை அழைத்துக்கொண்டு இறந்தவரின் கல்லறைக்குப் போ; ஆண்டவருக்கும் இந்த மனிதருக்கும் எதிராக இன்னது செய்தேன் என்று பெயர் சொல்லி, செயலைச் சொல்லி, அவர்கள்முன் அறிக்கையிடு; தர வேண்டிய பணம் இருந்தால் வாரிசிடம் கொடு.

கல்லறையும் இல்லாதவர்கள் உண்டு. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள், 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயத்தைத் தரிசித்துவிட்டு, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் பார்ப்பது வழக்கம். வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே வணிகர்களும் அதிகாரிகளும் பெயரும் தேதியும் பொறித்த அழகிய கற்களின்கீழ் உறங்குகிறார்கள். 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமையிடமாக இருந்தது. துணி வாங்கிய அதே நிறுவனம் மனிதர்களையும் வாங்கியது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். பலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1620-களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேற்றப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வழியில் இறந்தவர்களும் உண்டு. நம் மறையை இக்கரைக்குக் கொண்டுவந்த போர்த்துக்கீசியரும் இந்த வணிகத்தில் கை நனைத்தவர்களே என்பதை மறைப்பதற்கில்லை.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்தின் பிரதமர் மார்க் ரூட்டே தம் நாட்டு அரசின் பெயரால் அடிமை முறைக்காக மன்னிப்புக் கோரினார். ஆசியாவில் அந்த நிறுவனத்தின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் விற்கப்பட்டவர்களையும் அவர் தம் உரையில் குறிப்பிட்டார். 2023 ஜூலை 1 அன்று அரசர் வில்லெம் அலெக்சாந்தரும் மன்னிப்புக் கேட்டார். இந்த அடிமை வரலாறு குறித்த விழிப்புணர்வுக்காகவும் பிற பணிகளுக்காகவும் 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு நாடு தன் கோணலைப் பெயர் சொல்லி அழைப்பது சிறிய செயலன்று. ஆயினும் பழவேற்காட்டில் கப்பலேறியவனின் பேரப்பிள்ளைகள் யார், எங்கே என்று எவருக்கும் தெரியாது. கொடுக்க வேண்டிய கடன் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

எண்ணிக்கை நூலின் 5-ஆம் அதிகாரம் இந்த இக்கட்டையும் முன்கூட்டியே கண்டிருக்கிறது. தீங்கிழைக்கப்பட்டவன் இறந்து, ஈட்டுத்தொகையைப் பெற்றுக்கொள்ள நெருங்கிய உறவினனும் இல்லையென்றால், அந்தத் தொகை ஆண்டவருக்குரியது. குருவிடம் சேர வேண்டும். வாரிசு இல்லாமையால் கடன் மறைந்துவிடுவதில்லை. கடனாளி நிம்மதியாகப் பையை மூடிக்கொள்ளவும் முடியாது. அனாதையின் கணக்கை ஆண்டவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார்.

இன்னொரு சட்டமும் இணைச்சட்ட நூலின் 21-ஆம் அதிகாரத்தில் உண்டு. வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பர்கள் வந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு உள்ள தூரத்தை அளக்கிறார்கள். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், நுகம் பூட்டாத இளம் பசுவொன்றை நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய், அங்கே தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று அறிக்கையிட வேண்டும். மூப்பர்களைக் கொலைகாரர் என்று யாரேனும் ஐயுறுவார்களா என்று மிஷ்னா கேட்கிறது. இல்லை; இந்த மனிதன் எங்களிடம் வந்து, நாங்கள் அவனை உணவின்றியும் துணையின்றியும் அனுப்பிவிடவில்லை என்பதே அவர்கள் சொல்வதன் பொருள் என்று விடையும் தருகிறது. கொன்றவன் தெரியாதபோதும் அருகில் இருப்பவனுக்குப் பொறுப்பு உண்டு. நம் செபங்களில் 'கடமையில் தவறியதால்' ஆன பாவங்களையும் அறிக்கையிடுகிறோமே, அதன் பழைய வேர் இதுவாக இருக்கலாம்.

பாடு முறையையும் இந்த அளவுகோலால் அளக்கத் தயங்கக் கூடாது. உறுப்பினருக்குள் அது நீதியானது. ஆனால் சீட்டில் பெயரே இல்லாதவர்கள் உண்டு: ஆழமில்லாத நீரில் இடுப்பளவு நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், பாட்டுரிமை பெறாத பிற சாதியினரும். சீட்டில் பெயர் இருப்பவனுக்கு இழைத்த தவறைப் பஞ்சாயத்து விசாரிக்கும். பெயர் இல்லாதவனுக்கு இழைத்ததை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? 'ஆவோன்' என்ற சொல் இங்கே பொருந்துகிறது. எவரும் இலக்குத் தவறவில்லை, எவரும் கலகம் செய்யவில்லை. கோல் மட்டும் முன்பே வளைந்திருக்கிறது.

ஏரியின் கதையும் அப்படித்தான். ஆண்டுக்காண்டு முகத்துவாரம் மணல் மூடித் தூர்கிறது. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. கழிவுநீர் கால்வாய்களிலும் உப்பங்கழிகளிலும் கலந்தது, குடிநீர் உவர்த்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் மரபுவழிப் பண்ணைகளைத் தவிர வேறு இறால் பண்ணை கூடாது. ஏற்கெனவே உள்ளவை 1997 மார்ச் 31-க்குள் அகற்றப்பட வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீட்டைக் கணக்கிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக் கொடுக்கவும், கெட்ட சூழலைச் சீர்செய்யும் செலவை அவர்களே ஏற்கவும் ஓர் அமைப்பை நிறுவுமாறு பணித்தது. படித்தபோது லேவியர் நூலின் வாசனை வீசியது என்றால் மிகையாகாது: எடுத்ததைத் திருப்பிக் கொடு, உரியவனிடமே கொடு, மேலும் கூட்டிக் கொடு.

மறுஆய்வு மனுக்களால் தீர்ப்பின் செயற்பாடு தடைப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்பண்ணைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை பொருந்தாது என்றும், அந்த அறிவிக்கை வெளியான 1991-லிருந்தே பொருந்தாது என்றும் அச்சட்டம் முன்தேதியிட்டுச் சொன்னது. தொழிலுக்கும் ஏற்றுமதிக்கும் ஒழுங்கு வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது தவறே அன்று என்று பின்னோக்கி எழுதிவிடுவதற்கு யூத நெறியில் மன்னிப்பு என்று பெயரில்லை. தாவீதும்கூடப் பத்சேபாவை மணந்து சட்டத்தை நேர்செய்துகொள்ளத்தான் முயன்றார். நாத்தான் வந்தது அதற்குப் பிறகு.

புத்தாண்டு நாளில் யூதர்கள் நீர்நிலை ஒன்றின் கரைக்குப் போய்ப் பாவங்களைத் தண்ணீரில் எறிந்துவிடுவதாக மன்றாடும் வழக்கம் ஒன்று இடைக்காலத்திலிருந்து வழங்கிவருகிறது. நம் பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடும் இறைவனைப் பற்றி மீக்கா இறைவாக்கினர் தம் நூலின் இறுதியில் பாடியதே அதற்கு அடிப்படை. அழகான வழக்கம். ஆனால் அது வரும் நாளையும் பாவக்கழுவாய்ப் பெருநாளையும் பத்து நாள்கள் இணைக்கின்றன. அந்த நாள்களில்தான் அவர்கள் அடுத்தவர் வீட்டுக் கதவுகளைத் தட்டிக் கணக்குத் தீர்க்கிறார்கள். கரைக்குப் போய்த் திரும்பும் வழி வீடுகளின் ஊடே போகிறது. பழவேற்காட்டிலும் கரையிலிருந்து திரும்பும் பாதை வீடுகளின் ஊடேதான். அந்த வீடுகளில், 1996-இன் தீர்ப்பு சொன்ன இழப்பீடு எப்போது வரும் என்று கேட்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.